சாமுராய் கதையில் மனைவிக்கு எந்த வீட்டுப் பெயர்?

சாமுராய் காலத்துக் கதையில் மணமான பெண்ணை எப்படிச் சுட்டுவது? எழுதுபவர்கள் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்: கணவனின் குடும்பப் பெயர், பிறந்த வீட்டுப் பெயர், அல்லது அவள் வசிக்கும் கோட்டை, மாளிகையின் பெயர்.

அதிகம் காணக் கிடைப்பது முதல் வழி; அதிகம் தப்பானதும் அதுதான். மனைவி கணவன் வீட்டுப் பெயரை ஏற்க வேண்டும் என்பது ஜப்பானில் 1898 சிவில் சட்டத்தோடு வந்தது. 1876இல் மெய்ஜி அரசு (1868இல் சாமுராய் ஆட்சி முடிந்தபின் வந்த பேரரசர் அரசு) போட்ட உத்தரவு அதற்கு நேர் எதிர்: மனைவி பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருக்க வேண்டும். சாமுராய்கள் வாள் அணிவதற்குத் தடை வந்ததும் அதே ஆண்டில்தான். ஆக, இடுப்பில் வாளோடு ஒருவன் நடமாடும் கதையில் இந்த வழிக்கு இடமே இல்லை.

பிறந்த வீட்டுப் பெயர் கதைசொல்லியின் குரலுக்குப் பொருந்தும். ஷோகன் (ராணுவ ஆட்சியாளர்) மினமோட்டோ யோரிட்டோமோவின் மனைவி ஹோஜோ மசாகோ. பின்னாள் ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவின் மனைவி ஹினோ டோமிகோ. திருமணம் இரு வீடுகளுக்கு இடையிலான உடன்படிக்கை. பெண் பிறந்த வீட்டின் ஆளாகவே புகுந்த வீட்டில் இருந்தாள். போர்த் தலைவன் ஒடா நொபுனாகாவின் தங்கை ஒய்ச்சி, 1573இல் கணவன் அசாய் நாகமாசா அழிந்ததும் மகள்களோடு ஒடா வீட்டுக்கே திரும்பினாள். ஆனால் உரையாடலில் இந்த வழி காலை வாரும். 'மசாகோ' என்ற பெயர் 1218இல் அரசவைப் பதவி கிடைத்தபோது வந்தது. யோரிட்டோமோ இறந்தது 1199இல். அவர் வாயில் அந்தப் பெயரை வைத்தால் கதை அங்கேயே உடையும்.

உரையாடலுக்கு என் தேர்வு மூன்றாவது வழி. எடோ ஆட்சியை நிறுவிய டோகுகவா இயேயாசுவின் முதல் மனைவி சுகியாமா மாளிகையால் அறியப்பட்டாள். நாகமாசாவின் மகள் சாச்சாவுக்கு, அவளைத் துணைவியாக்கிய ஆட்சியாளர் ஹிதேயோஷி யோடோ கோட்டையைத் தந்தது 1589இல். அதற்கு முந்தைய காட்சியில் அவளை 'யோடோ' என்றால் பிழை. முதல் வழியின் பிழைக்கு உதாரணம் 'ஹோசோகாவா கிராசியா'. அகெச்சி மிட்சுஹிதேயின் மகள் தாமா 1587இல் ஞானஸ்நானம் பெற்று கிராசியா ஆனாள். கணவன் வீட்டுப் பெயரை முன்னால் ஒட்டியவர்கள் மெய்ஜி காலத்தவர்கள்.

ஆண்கள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மருமகனைத் தத்தெடுத்தார்கள். அவன் மாமனார் வீட்டுப் பெயரை ஏற்றான். திருமணம் இல்லாமலும் தத்து பெயரை மாற்றும்: போர்த் தலைவன் உவேசுகி கென்ஷின் 1561 வரை நாகாவோ ககெதோரா. இயேயாசுவுக்கோ பெயர் இரு தவணையில் மாறியது. 1560 ஒகேஹசாமா போரில் அவர் மாட்சுதைரா மோட்டோயாசு. 1563இல் இயேயாசு, 1566இல்தான் டோகுகவா. ஒகேஹசாமா களத்தில் 'டோகுகவா இயேயாசு' நின்றால் இரண்டு சொல்லும் தப்பு. எடோ கால (1603–1868) நாடகத்துக்கு ஒரு நல்ல முடிச்சு: பிரபு சாகும் தறுவாயில் வாரிசைத் தத்தெடுக்க 1651 வரை தடை, பிறகும் 50 வயதுக்கு உட்பட்டவருக்கே தளர்வு. தத்து தவறினால் குடும்பப் பெயரோடு நிலமும் போய்விடும்.

சாமானியர் பாடு எளிது. எடோ காலத்தில் உழவரும் வணிகரும் பொது ஆவணங்களில் குடும்பப் பெயரைப் போட முடியாது. 1870இல் அனுமதி, 1875இல் கட்டாயம். வணிகனுக்குக் கடைப் பெயரை வையுங்கள், போதும்.