கழுத்துக் கட்டிக்கு ‘ரத்த சுத்தி’: 18,500 ரூபாயை இழந்தோம், சேலத்துக்காரர்கள் கவனிக்கவும்

ரத்தத்தைச் சுத்தம் செய்து கட்டிகளை வேரோடு போக்குவதாக விளம்பரம் செய்யும், நகரின் ஒரு தனியார் தோல் சிகிச்சை நிலையத்தில் 18,500 ரூபாயைக் கட்டி ஏமாந்திருக்கிறோம். நேற்றுதான் அப்பா அரசு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று அமர்ந்திருக்கிறேன்.

அப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில், உலைக்கு முன் அமர்ந்து வேலை செய்பவர். சித்திரை வெயிலில் வேனற்கட்டி வருவது அங்கே யாருக்கும் புதிதல்ல. ஆனால் இம்முறை பிடரியில் எழுந்தது பழுத்து உடையாமல் கல்லைப் போல இறுகி அகன்றுகொண்டே போனது. அந்த நிலையத்தின் ஆலோசகர் அப்பாவைக் கைத்தாங்கலாக நாற்காலியில் அமர்த்தி, பட்டறையைப் பற்றி விசாரித்து, தன் தந்தையும் உலைக்கு முன் உட்கார்ந்தே தன்னைப் படிக்கவைத்தவர் என்றார். அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதன்பிறகு, “உலைச்சூடு ரத்தத்தில் இறங்கிவிட்டது ஐயா, கத்தி வைத்தால் வேறு இடத்தில் கிளம்பும், மூன்று மாதம் என் பொறுப்பில் விடுங்கள்” என்று அவர் சொன்னதை அப்பா அப்படியே ஏற்றுக்கொண்டு, சீட்டுப் பணத்திலிருந்து 18,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். சர்க்கரை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்காதவர்கள், ரத்தம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

பெயர் ஒட்டாத டப்பாவில் கொடுத்த களிம்பைத் தடவத் தடவ வீக்கம் பரவியது. தொலைபேசியில் கேட்டபோது, கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றார்கள். காய்ச்சல் வந்தபோது, பத்தியத்தை மீறியிருப்பீர்கள் என்றார்கள். நேரில் போனால் ஆலோசகர் ஏற்காட்டுக் கிளைக்குப் போயிருப்பதாகப் பதில் வந்தது.

அரசு மருத்துவமனையில் முதலில் பார்த்ததே சர்க்கரையைத்தான், 340-ஐத் தாண்டியிருந்தது. மயிர்க்கால் வழியே ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி உட்புகுந்து சீழ்பிடிப்பதே கட்டி என்றும், அப்படிப் பல கட்டிகள் தோலுக்கு அடியில் ஒன்றுசேர்ந்து பல கண்களோடு எழுவதே ராஜபிளவை என்றும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது எளிதில் வரும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கீறிச் சீழை வெளியேற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்து, இன்சுலின் தொடங்கினார்கள். அதற்கு எங்களிடம் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது நடந்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. ரசீதில் ‘முன்பணம் 18,500’ என்று மட்டுமே இருக்கிறது. மருந்தின் பெயரோ, கொடுத்தவரின் பதிவு எண்ணோ இல்லை. “சர்க்கரையை நீங்கள் மறைத்துவிட்டீர்கள்” என்று எங்கள் மீதே பழி போட்டுவிட்டு, இன்னும் 12,000 கட்டினால் சர்க்கரையையும் சேர்த்தே குணப்படுத்துவதாகச் சொன்னார்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருக்கும் நாட்டில், இதை முகத்துக்கு நேராகச் சொல்லும் துணிச்சல் அவர்களுக்கு இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியதை விரிவாக எழுத நினைத்தேன். அப்பாவுக்குக் கட்டு மாற்ற நேரமாகிவிட்டது. சிறிய கட்டியாக இருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால், பொறுக்கும் சூட்டில், பத்து நிமிடம் வீதம் தினமும் மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுங்கள். பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். மூக்கையும் மேலுதட்டையும் சுற்றி வந்தால் கைவைக்கவே வேண்டாம். துண்டையும் சவரக்கத்தியையும் பிறரோடு பகிராதீர்கள். காய்ச்சல் அடித்தாலோ, சிவப்பு பரவினாலோ, பல கண் வைத்தாலோ அன்றே மருத்துவரிடம் போய்ச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். மருந்தின் பெயர் எழுதாத ரசீதுக்குப் பணம் கட்டாதீர்கள்; கட்டிவிட்டிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். எங்கள் 18,500 ரூபாய்க்கு நானும் அங்கேதான் புகார் பதிந்திருக்கிறேன்.