டிராக்டருக்குள் ஆக்ட் இருக்கிறதா? ஸ்பெல்லிங் கருவிகள் ஒரு ஒப்பீடு

தண்டையார்பேட்டையில் மாடி வீட்டு டியூஷன் எடுக்கிறேன். பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு பழைய லேப்டாப், என் போனின் ஹாட்ஸ்பாட். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்குக்கு எது உதவும் என்று இந்த வருஷம் நாலைந்து கருவிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

போன் கீபோர்டின் ஆட்டோ கரெக்ட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். தப்பைத் திருத்தும், ஏன் தப்பு என்று சொல்லாது. நோட்டில் எழுதும்போது பையன் அதே தப்பை மறுபடியும் எழுதுவான்.

அடுத்தது நீல் ராம்ஸ்டன் உருவாக்கிய வேர்ட் சர்ச்சர். சில எழுத்துகளைத் தட்டினால், அவை சேர்ந்து வரும் சொற்களை எல்லாம் வரிசையாகக் கொட்டும். முன்னால் ^ போட்டால் அவற்றில் தொடங்குபவை, பின்னால் $ போட்டால் முடிபவை. பல அகராதிகளில் ஒரே நேரத்தில் தேடும் ஒன்லுக் தளத்திலும் நட்சத்திரக் குறி போட்டு இப்படித் தேடலாம். ஆனால் அங்கே யாரும் கேள்விப்படாத சொற்களும் சேர்ந்து வந்து குவியும். பிள்ளைகளுக்கு வேர்ட் சர்ச்சர்தான் பிடித்தது.

ஒரு நாள் ஏ, சி, டி (act) என்று மூன்று எழுத்துகளைத் தட்டினோம். ஆக்டர், ரியாக்ட், எக்ஸாக்ட், டிராக்டர், ஃபேக்டரி, கேக்டஸ் எல்லாம் வந்தன. "மிஸ், எங்கப்பா மணலி ஃபேக்டரியிலதான் வேலை செய்றாரு. அதுலயும் ஆக்ட் இருக்கா?" என்றாள் ஒருத்தி. எனக்கே சட்டென்று சொல்லத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தான் அந்தக் கருவி காட்டும், உறவு முறை அதற்குத் தெரியாது.

அதற்கு எட்டிமான்லைன் வேண்டும். டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் சொற்பிறப்பு அகராதி. பார்த்தால், ஃபேக்டரியின் வேர் 'செய்' என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் சொல். டிராக்டர் 'இழு' என்ற சொல்லிலிருந்து வந்தது. கேக்டஸ் கிரேக்கம். ஆனால் சம்பந்தமே இல்லை என்று நான் நினைத்த எக்ஸாக்ட்தான் ஆக்ட்டின் சொந்தக்காரன்! குறை என்றால் நடைதான். பத்தி முழுக்க லத்தீன், பழைய பிரெஞ்சு, சுருக்கக் குறிகள். பிள்ளைகளிடம் நேரடியாகக் கொடுத்தால் கொட்டாவி விடுவார்கள். நான் படித்துக் கதையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விக்கிப்பீடியாவின் சகோதர அகராதியான விக்சனரியில் உச்சரிப்பைக் காதாலும் கேட்கலாம். ஒரு சொல்லிலிருந்து பிறந்தவற்றின் பட்டியலும் பல இடங்களில் உண்டு. இணையம் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியில் இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா தீர்ந்தாலும் ஓடும், எனக்கு அது பெரிய விஷயம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் வேர் விஷயத்தில் மட்டும் எட்டிமான்லைனோடு ஒத்துப் பார்த்துக்கொள்வேன்.

ராம்ஸ்டனின் இன்னொரு கருவி மினி மேட்ரிக்ஸ் மேக்கர். கூட்டல் குறி போட்டுச் சொல்லைப் பிரித்துக் கொடுத்தால், நடுவில் பகுதி, இடப்பக்கம் முன்னொட்டு, வலப்பக்கம் விகுதி என்று கட்டம் போட்டுத் தரும். தமிழ் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் படித்த பிள்ளைகளுக்கு இது பழகிய கணக்கு. 'வா' என்பது 'வந்தான்' என்பதில் 'வ' ஆகிறதே, அதுபோல 'மேக்'கோடு 'இங்' சேரும்போது கடைசி 'ஈ' விழுகிறது என்றேன். "அப்போ அது விகாரம் மிஸ்" என்றான் ஒருவன். சைன், சிக்னல், டிசைன், ரிசைன் நாலையும் ஒரே கட்டத்தில் போட்டபோது, சைனில் ஊமையாக நிற்கும் ஜி எதற்கு என்பதும் புரிந்துவிட்டது, சிக்னலில் அதுதானே வாய் திறக்கிறது. ஆனால் டிராக்டரை ஆக்ட்டில் வைத்துப் பிரித்துக் கொடுத்தாலும் இது மறுபேச்சில்லாமல் கட்டம் போடும். சரியா தப்பா என்று பார்க்காது. அதனால் இதைக் கடைசியில்தான் திறக்கிறேன். பல நாள் கரும்பலகையே போதும்.

ஒன்றே ஒன்றுதான் என்றால் எட்டிமான்லைனை எடுப்பேன், அதுவும் ஆசிரியருக்கு. பிள்ளைகள் கையில் கொடுக்க வேர்ட் சர்ச்சர். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால்தான் எனக்கு நிம்மதி.

போன வாரம் சி, ஏ, டி (cat) என்று தொடங்குபவற்றைத் தேடினோம். பூனைக்கும் கேட்டகரிக்கும் நடுவே கேட்டமரான் வந்தது. அதில் பூனை இருக்கிறதா என்று கேட்டேன். எட்டிமான்லைனைத் திறப்பதற்குள் காசிமேட்டுப் பையன் சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்: "பூனையும் இல்ல ஒண்ணும் இல்ல மிஸ், அது எங்க தாத்தாவோட கட்டுமரம்!"