காட்ஜெட்-4: கரும்பொருளை வளர்த்துப் பார்க்க ஒரு மென்பொருள்

கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னை உணர்த்தும் கரும்பொருள் எப்படித் திரண்டு இழைகளாகவும் ஹாலோக்கள் எனப்படும் அடர்ந்த திரட்சிகளாகவும் வளர்ந்தது என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க விரும்புவோர் முதலில் கேள்விப்படும் பெயர் பெரும்பாலும் காட்ஜெட்தான். ஃபோல்கர் ஸ்பிரிங்கல் எழுதிய இந்த நிரலின் இரண்டாம் பதிப்பைத் திருத்தியமைத்துத்தான், 2005இல் வெளியான மில்லேனியம் உருவகப்படுத்தல் 1,000 கோடித் துகள்களுடன் நடத்தப்பட்டது. அதன் வழிவந்த காட்ஜெட்-4ஐக் கரும்பொருளுக்கு மட்டும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நிரல் இலவசம், மூலமும் திறந்ததே. ஆனால் இறக்கியவுடன் சொடுக்கி ஓட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். எம்பிஐ (இணையாக ஓடும் பணிகளுக்கிடையே தகவல் பரிமாற), ஜிஎஸ்எல் (கணிதச் சார்புகளுக்கு), எஃப்எஃப்டிடபிள்யூ (ஃபூரியர் உருமாற்றத்துக்கு), ஹெச்டிஎஃப்5 (தரவுக் கோப்புகளுக்கு) ஆகிய நூலகங்களை முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும். தேவையான வசதிகளை ஓர் அமைவுக் கோப்பில் குறித்து, அவற்றில் ஒன்றை மாற்றினாலும் நிரலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். எரிச்சலூட்டும் ஏற்பாடுதான், என்றாலும் வேண்டாத பகுதிகள் நினைவகத்தை அடைக்காமலிருப்பது இதனால்தான்.

உடன் வரும் மாதிரிகளில் ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. பக்கம் 23 கோடி ஒளியாண்டுக்கும் கூடுதலான பெட்டியில் ஏறக்குறைய 21 லட்சம் துகள்கள்; ஒவ்வொன்றும் 700 கோடிச் சூரிய நிறைக்கும் மேல். ஆகவே நம் பால்வெளியினதைப் போன்ற ஒரு ஹாலோவுக்கு 150 துகள்கூடத் தேறாது என்பதை மறந்து, அதன் உட்கட்டமைப்பைப் பற்றி முடிவு சொல்லிவிடக் கூடாது. செந்நகர்ச்சி 63க்குரிய (இந்த எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பழைய காலம்; இன்று 0) தொடக்க நிலையை நிரலே உருவாக்கிக்கொள்கிறது. முதல் கோப்பை வரைந்தால் பரப்பிய மணல்போல்தான் தெரியும். செந்நகர்ச்சி 3 அளவில் இழைகள் துலங்குகின்றன. இன்றைய நிலைக்கு வரும்போது இழைகள் சந்திக்கும் முடிச்சுகளில் பெரிய ஹாலோக்கள் உட்கார்ந்திருக்க, இடைப்பகுதிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன.

அருகிலுள்ள துகள்களின் ஈர்ப்பை மரக் கட்டமைப்பாலும் தொலைவிலுள்ளவற்றினதை வலைக்கட்டத்தாலும் கணக்கிடும் முறை பழையதே. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: ஹாலோக்களையும் அவற்றுக்குள்ளிருக்கும் துணை ஹாலோக்களையும் கண்டறிவது, எது எதனுடன் இணைந்தது என்ற வம்சாவளியைத் தொகுப்பது ஆகிய இரண்டும் இப்போது நிரலுக்குள்ளேயே அடங்கிவிட்டன. முன்பு தனித்தனி நிரல்களுக்கிடையே கோப்புகளை மாற்றி மாற்றிக் கொடுத்துச் சலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அலகுகளில் மட்டும் விழிப்பாக இருங்கள். வெளியீட்டில் இருக்கும் திசைவேகத்தைப் பேரண்டத்தின் அளவுக்காரணியின் (இன்றைய அளவில் அன்று எத்தனை பங்கு என்பதன்) வர்க்கமூலத்தால் பெருக்கினால்தான், பேரண்ட விரிவு நீங்கலான உண்மையான சொந்த வேகம் கிடைக்கும். செந்நகர்ச்சி 3இல் அளவுக்காரணி கால் பங்கு, அதன் வர்க்கமூலம் அரை; பெருக்க மறந்தால் எல்லாத் துகள்களும் இரண்டு மடங்கு வேகத்தில் பறப்பதாகத் தோன்றும். கையேட்டில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. படிக்காமல் இரண்டு நாள் பிழை தேடியது என் தவறு. நிறைகளும் தூரங்களும் ஹப்பிள் காரணியை (பேரண்டம் விரியும் வீதத்தைக் குறிக்கும் எண்ணை) சுமந்து வருவதையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

கரும்பொருள் மட்டும் போதும் என்பவர்களுக்கும், கணினிக் கொத்தில் பெரிதாக ஓட்டப்போகிறவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கொத்தின் பல முனைகளில், அதாவது தனித்தனிக் கணினிகளில், ஓட்டும்போது ஒவ்வொரு முனையிலும் ஓர் எம்பிஐ பணி தகவல் பரிமாற்றத்துக்கென ஒதுக்கப்படுவதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். பொதுவில் கிடைக்கும் பதிப்பில் வாயுக் குளிர்ச்சியும் விண்மீன் உருவாக்கமும் எளிய வடிவிலேயே இருப்பதால், அசலான விண்மீன் திரள்களை எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார்.