ரன்னர் பீன்ஸை முன்கூட்டியே முளைக்க வைப்பதும் மே மாத உறைபனியிலிருந்து காப்பதும்: பல பருவங்களின் அனுபவம்

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டமோ, காய்கறி போட வாடகைக்கு எடுக்கும் அலாட்மென்ட் நிலமோ வைத்திருப்பவர்களில் ரன்னர் பீன்ஸ் போடாதவர்கள் குறைவு. எட்டடி மூங்கில் கழிகளில் சிவப்புப் பூக்களோடு ஏறி நிற்கும் இந்தக் கொடிக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை சலிப்பே கிடையாது. பறிக்கப் பறிக்கக் காய்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த நிலையை அடைவதற்கு முன் இளஞ்செடிகள் ஏப்ரலையும் மே மாதத்தையும் கடக்க வேண்டும். ஏப்ரலிலேயே வீட்டுக்குள் விதை போடுவதால் உண்மையில் எவ்வளவு ஆதாயம் கிடைக்கிறது, காலம் கடந்து வரும் உறைபனியிலிருந்து காப்பதற்காகக் கடைகளில் விற்கப்படும் பொருட்களில் எவை நீடித்து உழைக்கின்றன என்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்ததன் அடிப்படையில் இதை எழுதுகிறேன். என் நிலம் லெஸ்டர் நகரின் விளிம்பில், ஓர் ஓடையை நோக்கிச் சரியும் இடத்தில் இருக்கிறது. கீழ்க்கோடியில் அடர்ந்த வேலி நிற்பதால், இரவில் சரிவு வழியே இறங்கும் குளிர்காற்று வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கிவிடும். ஆகவே மேட்டுநிலத்திலும் லண்டனின் சுவர் சூழ்ந்த கொல்லைகளிலும் தோட்டம் போடுகிறவர்களைவிட எனக்கு உறைபனிச் சிக்கல் சற்று அதிகம்.

முதலில் செடியின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். ரன்னர் பீன்ஸின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்குள்ள குளிர்ந்த மலைப்பகுதிகளில் வளர்ந்த கொடி இது. அதனால்தான் கடும் வெயிலைவிட மிதமான, ஈரமான கோடை இதற்கு ஒத்துவருகிறது. பிரிட்டனில் இவ்வளவு செழிப்பாக வருவதற்கும் அதுவே காரணம். ஆனால் குளிர்ச்சி பிடிக்கும் என்பதற்காக உறைபனியைத் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்தால் அந்த இலை பிழைப்பதில்லை. மண்ணின் வெப்பம் 10 முதல் 12 டிகிரி செல்சியஸை எட்டாதவரை விதை ஒழுங்காக முளைப்பதும் இல்லை. குளிர்ந்த ஈர மண்ணில் கிடந்து அழுகும், அல்லது எலிகள் தோண்டித் தின்றுவிடும். லெஸ்டர் அமைந்துள்ள, இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸில் திறந்த பாத்தி அந்த வெப்பத்தை நம்பகமாக அடைவதற்கு மே நடுப்பகுதி ஆகிவிடுகிறது. வீட்டுக்குள் விதை போடும் வழக்கம் வந்ததே இந்த இடைவெளியை ஈடுகட்டத்தான்.

எப்போது போடுவது என்பதில் எனக்கு இப்போது தீர்மானமான கருத்து உண்டு: ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்கு முன் வேண்டாம். மார்ச் கடைசியில் போட்டவற்றையும் ஏப்ரல் கடைசியில் போட்டவற்றையும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நட்டுப் பார்த்திருக்கிறேன். மார்ச்சில் போட்டவை ஜன்னல் விளிம்பின் குறைந்த வெளிச்சத்தில் வெளிறி நெடுநெடுவென்று வளர்ந்து, நடுவதற்குக் காலம் வருமுன்னே ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டன. பிரித்தெடுக்கும்போது நுனிகள் முறிந்தன. வேர்கள் தொட்டிக்குள் சுருண்டு கிடந்தன. ஏப்ரல் கடைசியில் போட்டவை மே இறுதியில் குட்டையாக, தடித்த தண்டும் அகன்ற முதல் இலைகளுமாக நின்றன. ஜூன் முடிவதற்குள் பின்னவை முன்னவற்றை எட்டிப் பிடித்துவிட்டன. வீட்டுக்குள் ரன்னர் பீன்ஸ் நான்கு அல்லது ஐந்து வாரங்களுக்கு மேல் காத்திருக்காது என்பதை மனத்தில் வைத்து, உங்கள் ஊரில் உறைபனி விலகும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே சரியான முறை. விதைப் பொட்டலத்தில் அச்சிட்ட மாதங்கள் நாடு முழுவதற்கும் பொதுவானவை. ஸ்காட்லாந்தில் இருப்பவர் அவற்றிலிருந்து மேலும் இரண்டு, மூன்று வாரங்கள் தள்ளிக்கொள்ள வேண்டியிருக்கும்.

விதை போடும் கலங்களைப் பொறுத்தவரை, ஆழமே முக்கியம். இரு பாதியாக விரித்துத் திறக்கக்கூடிய நீளமான குழித்தட்டுகளைத்தான் இப்போது பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். அவற்றின் உட்பக்க வரிப்பள்ளங்கள் வேரைச் சுருளவிடாமல் நேராகக் கீழே இறக்குகின்றன. நடும்போது வேர்மண் உதிராமல் அப்படியே எடுக்க முடிகிறது. விலை அதிகம்தான், ஆண்டுகள் செல்லச் செல்ல மடிப்பு ஓரங்களில் விரிசலும் விழுகிறது. ஆயினும் அவற்றைத் தாங்கும் சட்டம் உறுதியாக இருக்கும்வரை விரிசல் விட்டவையும் பயன்படுகின்றன. கழிப்பறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாய்களும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அட்டை ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுவதால் மண் விரைவில் காய்கிறது, குழாயின் வெளிப்புறம் பூஞ்சை படர்கிறது, நடும்போது அட்டை விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அது திரியைப் போல் ஈரத்தை இழுத்து வேரைக் காயவிடுகிறது. ஒன்பது சென்டிமீட்டர் சாதாரணத் தொட்டி போதும் என்பவர்களோடும் எனக்கு வாதம் இல்லை. அதில் வளர்க்கிறவர் நடுவதற்கு ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது, அவ்வளவே.

ஊதா நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு பளபளக்கும் அந்தப் பெரிய விதையை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒன்றாகப் போட்டு, ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டபின், முளை தெரியும்வரை கை வைக்காமல் இருப்பது நல்லது. அறையின் வெப்பம் 15 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒன்றிரண்டு வாரங்களில் வளைந்த கழுத்தோடு முளை மேலே வரும். விதை அழுகுவதற்குப் பெரும்பாலும் குளிரும் அதிகத் தண்ணீரும் ஒன்றாகச் சேர்வதே காரணம்.

வெளிக்குளிருக்குப் பழக்குவது பலரும் அவசரப்படும் கட்டம். இது சரியாக நடந்த செடிக்குத்தான் பிறகு போர்த்தும் துணி உதவும் என்பதால், நான் இதற்கு இரண்டு வாரங்களையாவது ஒதுக்குகிறேன். முதல் சில நாட்கள் காற்றடிக்காத நிழலில் பகலில் மட்டும், பிறகு காலை வெயிலில், பிறகு மேகமூட்டமான இரவுகளில் வெளியே என்று படிப்படியாகப் போக வேண்டும். ஜன்னலில் வளர்ந்த இலை நேரடியாக மே மாத வெயிலையும் கீழைக் காற்றையும் சந்தித்தால், உறைபனி எதுவும் இல்லாமலேயே வெளுத்துக் காகிதமாகக் காய்ந்துபோகும். இரவு வெப்பம் பத்து டிகிரிக்கும் கீழே தொடர்ந்து இருந்தால் செடி சாகாது. ஆனால் வளர்ச்சியை நிறுத்திவிட்டு மஞ்சளாக நிற்கும். அப்படித் தேங்கிய செடி மீண்டும் கிளம்பப் பல நாட்கள் எடுக்கும் என்பதால், நட்ட தேதியைக் கொண்டு மட்டும் முந்திவிட்டதாகக் கணக்கிட முடியாது.

இனி உறைபனி. வானிலை அறிவிப்பில் சொல்லும் வெப்பநிலை தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியில் அளக்கப்படுவது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துகொண்டே இருப்பதால், செடியின் மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். அறிவிப்பில் 3 டிகிரி என்றாலும் பாத்தியில் வெண்பனி படியலாம். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிந்து காட்டும் ஓர் உச்ச–நீச வெப்பமானியைப் பாத்தி மட்டத்தில் வைத்துச் சில வாரங்கள் கவனித்தால், உங்கள் நிலம் அறிவிப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது தெரிந்துவிடும். இதற்காக நான் வாங்கிய பொருட்களிலேயே விலை குறைந்ததும் மிகுந்த பயன் தந்ததும் அந்த வெப்பமானிதான் என்பேன்.

2020-ஆம் ஆண்டின் இளவேனில் அதுவரை பிரிட்டனில் பதிவானவற்றிலேயே மிகுந்த வெயில் கொண்டது. அந்த வெயிலை நம்பி முன்கூட்டி நட்டவர்களுக்கு மே இரண்டாம் வாரத்தில் ஆர்க்டிக் காற்றோடு உறைபனி வந்தது. 2021 ஏப்ரலில், 1960 முதலான பதிவுகளில் எந்த ஏப்ரலிலும் இல்லாத அளவுக்கு உறைபனி இரவுகள் அமைந்தன. தெளிந்த வானம் பகலில் கொடுப்பதை இரவில் திருப்பி எடுத்துக்கொள்கிறது. நல்ல வெயிலடித்த நாளின் மாலையில் காற்று அடங்கிவிட்டால் அன்றுதான் நான் மிகவும் எச்சரிக்கையாக இருப்பேன்.

காப்புப் பொருட்களில் நான் முதலிடம் கொடுப்பது ஃப்ளீஸ் எனப்படும் வெள்ளை நெய்யாத் துணிக்கே. பாலிப்ரோப்பிலீன் இழைகளால் ஆன இதில் சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ள மெல்லிய ரகமும் 30 கிராம் எடையுள்ள தடித்த ரகமும் எளிதில் கிடைக்கும். மெல்லியது மைனஸ் இரண்டு டிகிரி அளவிலான லேசான உறைபனிக்குப் போதும். தடித்தது மேலும் ஓரிரு டிகிரியைத் தாங்கும். ஆனால் தடித்த ரகம் வெளிச்சத்தை அதிகம் மறைப்பதால் பகலில் விலக்கிவிட வேண்டும். உழைப்பில் இரண்டுக்கும் நிறைய வேறுபாடு உண்டு. மெல்லியது ஒரு பருவம் கழிந்ததும் கிழியத் தொடங்குகிறது. தடித்ததை மடித்து இருட்டில் வைத்தால் பல பருவங்கள் வருகிறது. அழுக்கானால் துவைக்கவும் முடிகிறது. தொட்டால் இழை உதிரும் நிலைக்கு வந்துவிட்ட துணியை மண்ணில் மேலும் பயன்படுத்தாமல் அகற்றிவிடுங்கள். அந்தத் துகள்களைப் பிறகு பொறுக்கி எடுக்க முடியாது.

ஃப்ளீஸை எப்படிப் போர்த்துகிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. ஈரமான துணி இலையைத் தொட்டுக்கொண்டிருந்தால், தொட்ட இடத்தில் இலை கருகும். ஆகவே வளைந்த குழாய்களோ குட்டைக் குச்சிகளோ வைத்து, இலைக்கும் துணிக்கும் இடையே ஒரு கையளவு காற்று இருக்கும்படி தூக்கி நிறுத்த வேண்டும். ஓரங்களைச் செங்கல்லாலோ மண்ணாலோ முழுவதும் அடைக்க வேண்டும். மண்ணின் வெப்பத்தைத் தேக்கி வைக்கத்தான் போர்த்துகிறோம் என்பதால், வெயில் சாய்வதற்கு முன்பே மூடிவிடுவது நல்லது. மண் ஈரமாக இருந்தால் பகலில் அதிக வெப்பத்தைச் சேமிக்கும். காய்ந்திருந்தால் பகலிலேயே தண்ணீர் பாய்ச்சிவிடுகிறேன். கொடி அரையடி தாண்டியபின் வேறொரு தொல்லை தொடங்கும். சுழன்று தேடும் நுனி துணியின் இழைகளுக்குள் புகுந்துகொள்ளும். காலையில் கவனிக்காமல் துணியை இழுத்தால் நுனி கையோடு வந்துவிடும். அந்த நிலையில், மேலிருந்து போர்த்துவதை விட்டுவிட்டு, கழிகளின் வெளிப்புறமாகச் சுற்றி, துணி காயப்போடும் கிளிப்புகளால் கவ்விவைப்பதே எனக்கு ஒத்துவந்த முறை. இது காற்றையும் தடுக்கிறது.

பாலிதீன் உறை போட்ட சிறு அடுக்குக் கூடாரங்களை அதே நம்பிக்கையோடு பரிந்துரைக்க முடியாது. பகலில் அவை நாற்றுகளுக்குச் சிறந்த இடம். ஆனால் சாதாரண பாலிதீன் வெப்பக் கதிர்களைப் பெரிதும் தடுக்காமல் வெளியே விட்டுவிடுவதால், தெளிந்த இரவில் உள்ளே இருக்கும் வெப்பமானி வெளியே இருப்பதற்குச் சமமாகவே இறங்குவதைத் திரும்பத் திரும்பக் கண்டேன். உள்ளே நாற்றுகளின் மேல் ஃப்ளீஸ் போர்த்தினால்தான் வேறுபாடு தெரிந்தது. காற்றுக்குக் கவிழும் குறையும் இவற்றுக்கு உண்டு. சுவரோடு கட்டிவைக்காமல் விடக் கூடாது. நாற்றுகளை வைத்துக் காக்கும், கனத்த கண்ணாடி மூடியுள்ள தாழ்வான பெட்டி (கோல்ட் ஃப்ரேம்) இதைவிட எவ்வளவோ மேல். இடமும் பணமும் உள்ளவர்கள் அதையே வாங்கலாம். அடி நறுக்கிய இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் நட்ட முதல் இரண்டு வாரங்களுக்கு மிகவும் பயனுள்ளவை. பனியைவிட ஓடில்லா நத்தைகளிடமிருந்து அவை கொடுக்கும் காப்பு பெரிது. வெயில் நாளில் மூடியைத் திறந்துவைக்காவிட்டால் உள்ளே செடி வெந்துவிடும்.

உறைபனி பட்டுவிட்ட செடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியலில் இலை கரும்பச்சையாக, எண்ணெயில் நனைந்தது போலக் கண்ணாடித் தன்மையோடு தொங்கும், மதியத்துக்குள் கறுத்துவிடும். உடனே பிடுங்கி எறியாதீர்கள். பிரெஞ்சு பீன்ஸின் விதையிலைகள் மண்ணுக்கு மேலே தூக்கி வரப்படுவதால், அவற்றோடு கருகினால் செடிக்கு மீட்சியில்லை. ரன்னர் பீன்ஸின் விதையிலைகளோ மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அவற்றின் கக்கத்தில் உறங்கும் மொட்டுகளிலிருந்து சில வாரங்களில் புதுத் தளிர்கள், பெரும்பாலும் இரண்டாக, எழுந்துவரும். இருந்தாலும் அன்றே பக்கத்தில் புது விதையும் போட்டுவிடுங்கள். மே கடைசியின் சூடான மண்ணில் அது தளிர்த்த செடிக்குச் சமமாக வந்துவிடுகிறது.

ஆதாயக் கணக்குக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசியில் உள்ளே போட்டு, மே இறுதியில் காப்போடு நட்ட செடிகளில் ஜூலை நடுவில் முதல் காய் பறிக்கிறேன். மே நடுவில் நேரடியாகப் பாத்தியில் போட்டவை காய்க்க ஆகஸ்ட் தொடக்கம் ஆகும். இரண்டு முதல் மூன்று வாரங்கள் முன்னதாகக் கிடைப்பதே இந்த உழைப்பின் முழுப் பலன். இளம் காய்க்காக ஏங்கிக் காத்திருக்கும் எங்கள் வீட்டில் அது மதிப்புள்ள ஆதாயம். ஓரத்து நாரை உரித்து, மெல்லிதாகச் சீவித் தேங்காய்ப்பூவோடு செய்யும் பொரியலுக்கு ஈடு கிடையாது. மொத்த விளைச்சலில் மட்டும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. முதல் பூக்கள் குளிர்ந்த வாரத்தில் மலர்ந்து வண்டுகள் வராவிட்டால் காய் பிடிக்காமலும் உதிரலாம். பிரெஞ்சு பீன்ஸோடு கலந்து உருவாக்கப்பட்ட, தானாகவே காய் பிடிக்கும் 'மூன்லைட்' ரகம் அந்த வகையில் முன்பருவத்துக்கு ஏற்றது. சுவைக்கு நான் இன்னும் 'ஸ்கார்லெட் எம்பரர்' பக்கம்தான். ஆகவே பாதிச் செடிகளை உள்ளே முளைக்க வைத்து, மீதியை மே இறுதியில் நேரடியாகப் போட்டு, இரு கட்டமாக அறுவடை செய்கிறேன்.

முன்கூட்டிய தொடக்கத்துக்கு அதிகம் பேர் முயலாத இன்னொரு வழியும் உண்டு. ரன்னர் பீன்ஸ் இயல்பில் பல்லாண்டுச் செடி. அடியில் தடித்த கிழங்கு வேர் வைக்கும். அக்டோபரில் கொடியை வெட்டியபின் அந்த வேர்களைத் தோண்டியெடுத்து, டேலியாக் கிழங்குகளைப் போலவே லேசான ஈரமுள்ள கலவையில் பனி படாத கொட்டகையில் வைத்து, ஏப்ரலில் தொட்டியில் நட்டால் விதைச் செடியைவிட முரட்டுத் தளிர் வரும். எல்லாக் கிழங்கும் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை. சில காய்ந்தும் சில அழுகியும் போகும். பிழைத்தவை பூக்கும் வேகத்தைப் பார்த்தபின் ஆண்டுதோறும் சில வேர்களையாவது எடுத்துவைக்கிறேன். ஆனால் அந்தத் தளிருக்கும் அதே ஃப்ளீஸ் ஜூன் முதல் வாரம் வரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.