அஞ்சறைப்பெட்டியோடு ஒன்பது வருடம்

எங்கள் வீட்டில் மாத்திரை டப்பாவும் அஞ்சறைப்பெட்டியும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. 2016-ல் பெரம்பூரில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்தபோது அம்மா தன்னுடைய பித்தளைப் பெட்டியை என்னிடம் கொடுத்து, "இதை வச்சே பாதி டாக்டர் செலவை மிச்சம் பண்ணலாம்டி" என்றாள். பாதியெல்லாம் மிச்சமாகவில்லை. ஆனால் இந்த ஒன்பது வருடத்தில் எது எதற்குக் கேட்கிறது, எது கேட்பதில்லை என்று எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது.

என் அனுபவத்தில் முதல் இடம் ஓமத்துக்குத்தான். 100 கிராம் வாங்கினால் ஆறு மாதம் வரும். கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து வயிறு கல்லாக இருக்கும் இரவுகளில் அரை டீஸ்பூன் ஓமத்தை வெறும் வாணலியில் வறுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் குடித்தால் அரைமணி நேரத்தில் ஏப்பம் வந்து இளகிவிடும். இதில் ஒரு விஷயத்தை நானாக மாற்றிக்கொண்டேன். அம்மா ஒரு டம்ளர் பாதியாக வற்றும்வரை கொதிக்க விடுவாள். வீடு முழுக்க ஓம வாசனை வரும், குடிக்கும் தண்ணீரில் இருக்காது. ஓமத்தின் காரத்துக்கும் மணத்துக்கும் காரணமான தைமால் சட்டென்று ஆவியாகிப் போகிற பொருள். அதனால் இப்போது ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, தட்டுப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைக்கிறேன். வித்தியாசம் நாக்கிலேயே தெரிகிறது. நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ இருக்கும் நாளில் மட்டும் ஓமத்தைத் தொடுவதில்லை. இரண்டு முறை குடித்துப் பார்த்து எரிச்சல் கூடியதுதான் மிச்சம். அந்த மாதிரி நாட்களுக்குச் சீரகத் தண்ணீர் போதும்.

மிளகு ரசத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். சளி பிடித்தால் ரசம் வைத்தே தீருவேன். மூக்கு திறக்கிறது, நெற்றி வியர்க்கிறது, கசந்த வாய்க்குச் சோறு இறங்குகிறது. ஆனால் சளி ஒரு நாள்கூட முன்னால் போனதில்லை. ரசம் குடித்த வாரமும் குடிக்காத வாரமும் ஒரே ஏழு நாள்தான். அந்த ஏழு நாளைத் தாங்க ரசம் உதவுகிறது, எனக்கு அதுவே பெரிது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சம அளவு இடித்த திரிகடுகச் சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடுவது சளியோடு வரும் இருமலுக்கு இதமாக இருந்தது. வறட்டு இருமலுக்கு வேண்டாம், தொண்டை இன்னும் காந்தும்.

பால்கனியில் இருக்கும் கற்பூரவல்லிக்கு நான் பட்ட கடன் அதிகம். பக்கத்து வீட்டு அக்கா ஒடித்துக் கொடுத்த ஒரு கிளைதான், இன்று நான்கு தொட்டியாகி நிற்கிறது. மே மாத வெயிலில் இலை வெளிறிவிடும், நிழலுக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்ளும். கார்த்திகை மழையில் தொட்டியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். இரண்டையும் பார்த்துக்கொண்டால் வேறு வேலையே வைக்காது. இலையை அனலில் வாட்டிப் பிழிந்த சாற்றில் தேன் கலந்து மகளுக்குக் கொடுப்பேன். அதுவும் அவளுக்கு ஒரு வயது முடிந்த பிறகுதான் ஆரம்பித்தேன், அதற்கு முன்னால் குழந்தைக்குத் தேன் ஆகாது.

மகள் என்றதும் உரைமருந்து ஞாபகம் வருகிறது. 2018-ல் அவள் பிறந்தபோது அம்மா வசம்பையும் ஜாதிக்காயையும் கல்லில் உரைத்து நாக்கில் தடவ வந்தாள். நான் சம்மதிக்கவில்லை. ஒரு வாரம் பேச்சுவார்த்தை குறைந்தது. ஜாதிக்காய் கொஞ்சம் கூடினாலும் மயக்கம் தரும். குழந்தை "நல்லாத் தூங்குது" என்று நாம் நினைப்பது அந்த மயக்கமாகக்கூட இருக்கலாம். வசம்பில் இருக்கும் ஆசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். அம்மா தன் நான்கு பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தாள் என்பது தெரியும். இருந்தும் இந்த ஒன்றில் என் முடிவை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மஞ்சள் பாலும் தினமும் உண்டு, மிளகுப் பொடி தூவித்தான். மிளகின் பைப்பரின், மஞ்சளின் குர்குமினை உடம்பில் சேரவிடுகிறது என்று 1998-ல் பெங்களூருவில் நடந்த ஆய்வு சொன்னது. உட்கிரகிப்பு இருபது மடங்கு கூடியதாம். அதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அங்கே கொடுத்தது 2 கிராம் சுத்தமான குர்குமின். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அப்படியென்றால் அந்த 2 கிராமுக்கு 65 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். நான் பாலில் போடுவது அரை டீஸ்பூன். மூட்டு வலிக்கு அதை நம்பி ஒரு வருடம் குடித்தேன், முழங்கால் அப்படியேதான் இருந்தது. இப்போதும் குடிக்கிறேன். தொண்டைக்குச் சூடாக இருக்கிறது, தூக்கம் வருகிறது. மூட்டுக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியைத்தான் செய்கிறேன்.

இப்போது அதிமதுரம். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்குத் தொண்டைக் கரகரப்பு. ஒரு நாட்டு மருந்துக் கடையில், "தினமும் வாயில அடக்கிக்கோங்கம்மா, ஒண்ணும் பண்ணாது" என்று கொடுத்தார்கள். கரகரப்பு நன்றாகவே குறைந்தது. இனிப்பாக இருக்கவே அம்மா விடவில்லை, இரண்டு மாதம் போயிற்று. கணுக்கால் வீங்கியது. வழக்கமாக 130-ல் இருக்கும் ரத்த அழுத்தம் 170-க்குப் போனது. பிபி மாத்திரையை ஒரு நாளும் அவள் விட்டதில்லை. மருத்துவர் மாத்திரையை மாற்றுவதற்கு முன், "புதுசா ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அம்மா இல்லை என்றாள். அவளுக்கு அது மருந்தாகவே தோன்றவில்லை. நான்தான் அதிமதுரத்தைச் சொன்னேன். அதில் உள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும் என்று அவர் விளக்கினார். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்துதான் இருந்தது. நிறுத்திய மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, அழுத்தமும் இறங்கியது.

அதிமதுரத்தை நான் தூக்கி எறியவில்லை. எனக்குத் தொண்டை கட்டினால் இரண்டு மூன்று நாள் அடக்கிக்கொள்கிறேன். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கை வைக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் கூடாது. அந்தக் கடைக்காரர் "பிபி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு நீண்ட நாள் சாப்பிடும் எதையும் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் காட்டிக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்கிறோம்.

வாங்குவது பற்றி ஒன்று. தூளாக எதையும் வாங்குவதில்லை. பளிச்சென்று தெரிவதற்காக மஞ்சள் தூளில் ஈயக் குரோமேட் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். விரலி மஞ்சளாக வாங்கி, உடைத்துப் பார்த்துவிட்டு மிஷினில் அரைத்துக்கொள்கிறேன். பூங்கா நகர் ராசப்ப செட்டி தெருவில் வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் 100 கிராம், 200 கிராம்தான். இந்த ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்குக் கிலோ கணக்கில் வாங்கினால் சுக்கில் வண்டு துளைத்துவிடும், பொடி கட்டி தட்டிவிடும். வாங்கியதும் மொட்டை மாடியில் ஒரு வெயில் காட்டி, கண்ணாடி பாட்டிலில் போட்டு, தேதி எழுதி ஒட்டுவேன். பித்தளைப் பெட்டியில் அந்த வாரத்துக்கு வேண்டியது மட்டும் இருக்கும்.

மாத்திரை டப்பாவின் மூடியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அம்மா அஞ்சறைப்பெட்டியிலிருந்து தினமும் எடுத்துக்கொள்வதெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டப்பாவோடு அதுவும் வருகிறது.