பாளையங்கோட்டையில கிட்டார் பிக்கப் மாத்தின அனுபவம்

டொரண்டோல இருந்து இந்த டிசம்பர் 18 நாள் லீவுல ஊருக்குப் போயிட்டு வந்தேன். பேங்க், ஆதார், தாலுகா ஆபீஸ்னு எல்லாருக்கும் இருக்கிற அலைச்சல் எனக்கும் இருந்துச்சு, அதப் பத்தி ஏற்கனவே நிறைய பேர் எழுதிட்டாங்க. நான் எழுத நினைக்கிறது ஒரே ஒரு வேலை பத்தி, அக்கா பையனோட அக்கூஸ்டிக் கிட்டார்ல பிக்கப் (கம்பியோட சத்தத்த ஸ்பீக்கருக்கு அனுப்புற சாமான்) மாத்தினது. நம்ம ஊர்ல இந்த வேலைக்கு யார்கிட்ட போறதுன்னு தெரியாம கிட்டார பரண்ல போட்டு வச்சிருக்கிறவங்க நிறைய பேர் இருப்பாங்க, அவங்களுக்காகத்தான்.

அது நான் 2009ல வாங்கி வச்சிட்டுப் போன கிட்டார். பக்கவாட்டுல ஒரு கருப்பு டப்பா, வால்யூம், பாஸ், ட்ரெபிள், ட்யூனர் எல்லாம் சேர்ந்து கம்பெனிலயே மாட்டி வந்தது. இப்ப அக்கா பையன் கோயில் (சர்ச்) கொயர்ல வாசிக்கிறான். ரெண்டு வருஷமா உள்ள இருந்த 9 வோல்ட் பேட்டரி கசிஞ்சு டப்பா செத்துப்போச்சு. ஒண்ணு சொல்லிடறேன், இந்த மாதிரி கிட்டார்ல வயர ஜாக்ல சொருகினாலே பேட்டரி ஓட ஆரம்பிச்சிடும், ஸ்விட்ச் தனியா கிடையாது, அதனால வாசிச்சு முடிச்சதும் வயர உருவிடணும், ரொம்ப நாள் வாசிக்கலன்னா பேட்டரிய வெளிய எடுத்து வச்சிடணும். இது யாருமே சொல்லித் தர்றதில்ல.

டப்பா செத்ததும் பையன் பிக்கப் வயர நேரா ஜாக்ல ஒட்டி மிக்சர்ல குத்தியிருக்கான். சத்தம் வந்துச்சு, ஆனா தகர டின்னத் தட்டின மாதிரி. காரணம் என்னன்னா சேடிலுக்கு (கம்பிகள் மேல உக்கார்ற மெல்லிசான துண்டு) அடியில இருக்கிறது பீசோ பட்டை, அதிர்வ மின்சாரமா மாத்துறது, அது போய்ச் சேர்ற இடத்துல குறைஞ்சது 1 மெகா ஓம் இன்புட் வேணும், மிக்சரோட லைன் இன்புட் 10 கிலோ ஓம் கிட்டதான் இருக்கும், அப்ப பாஸ் எல்லாம் அங்கேயே காணாமப் போயிடும். அதுக்குத்தான் நடுவுல ப்ரீஆம்ப், அந்தக் கருப்பு டப்பாவோட வேலையே அதுதான்.

அப்புறம் டவுன்ல ஒரு கடையில குடுத்திருக்காங்க, பேர் வேண்டாம். அதே சைஸ்ல வேற சைனா டப்பா, பட்டை எல்லாம் மாத்தி 2800 ரூபா. நான் போய் இறங்கின மறுநாள் வாசிச்சுப் பாத்தேன். மூணாவது கம்பி காதப் பொளக்குது, ஆறாவது ஓரளவு கேக்குது, முதல் கம்பி இருக்கான்னே தெரியல. கடையில கேட்டதுக்கு "வாசிக்க வாசிக்க செட் ஆயிடும்"னு சொல்லிட்டாங்க. செட் ஆகாதுங்க. கம்பிக்குக் கம்பி சத்தம் மாறுதுன்னா பட்டை மேல சேடில் சமமா உக்காரலன்னு அர்த்தம், அது நாளாக நாளாக சரியாகுற விஷயமே இல்ல. அதவிட என் வயிறு எரிஞ்சது எதுக்குன்னா, ஆடாம இருக்கணும்னு சேடில ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருந்தாங்க. கழட்டி மாட்ட வேண்டிய பொருள் அது.

நான் டொரண்டோல இருந்து ஃபிஷ்மேன் மேட்ரிக்ஸ் இன்ஃபினிட்டின்னு ஒரு பிக்கப் வாங்கிட்டுப் போயிருந்தேன். அதுல பெரிய டப்பா கிடையாது, ப்ரீஆம்ப் முழுக்க ஜாக்குக்குள்ளயே இருக்கு, வால்யூம் கண்ட்ரோல் நடு ஓட்டையோட விளிம்புக்கு உள்பக்கம் ஒட்டிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி அளவு கேட்டுக்கோங்க, 2.3 மி.மீ., 3.2 மி.மீ.னு ரெண்டு அகலத்துல வருது. பையன் காலேஜ் லேப்ல இருந்து வெர்னியர் எடுத்துட்டு வந்து சேடில அளந்து வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினதுனாலதான் நான் சரியா 3.2 வாங்கினேன்.

மாட்டுறது யாரு? சென்னைக்குக் கொண்டு போன்னு ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்க, நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஒரு ராத்திரிதான், ஆனா 23ஆம் தேதி கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் இருக்கு, நாள் பத்தாது. கோயில் மைக் செட்காரர்தான், ஆர்மோனியம் ரிப்பேர் பாக்குற ஒரு அண்ணாச்சி இருக்காரு, மர வேலையும் தெரியும், சால்டரிங்கும் தெரியும்னு கூட்டிட்டுப் போனார். ஊசிக்கோபுரம் சர்ச்ல இருந்து நடந்து போற தூரம், வீட்டு முன் திண்ணையில ஒரு மேஜை, அவ்வளவுதான் பட்டறை.

அண்ணாச்சி முதல்ல கிட்டார வாங்கி வாசிக்கச் சொல்லல, தட்டிப் பாத்தார். பிரிட்ஜ் (சேடில தாங்குற, கிட்டார் மேல ஒட்டியிருக்கிற கட்டை) பின்பக்கம் ஒரு பேப்பரச் சொருகிப் பாத்தார், தூக்கியிருக்கான்னு. "தம்பி, பிக்கப் அப்புறம். ஆறு கம்பியும் சேந்து எழுபது கிலோ கிட்ட இழுக்கும், பிரிட்ஜ் பேந்திருந்தா நீங்க கொண்டு வந்த சாமான மாட்டியும் பிரயோசனம் இல்ல." பிரிட்ஜ் நல்லா இருந்துச்சு. கம்பியத் தளத்திட்டு, ஒட்டியிருந்த சேடில சின்ன உளியால கொஞ்சம் கொஞ்சமா எடுத்தார், ரெண்டு துண்டாத்தான் வந்துச்சு. காடியில, அதாவது சேடில் உக்கார்ற பள்ளத்துல, இருந்த பசையச் சுரண்டவே ஒரு மணி நேரம் ஆச்சு.

புது சேடிலுக்கு வெள்ளை அக்ரிலிக் துண்டு, நேம் போர்டு கடையில மிச்சம் கிடக்கிறது. பட்டையோட தடிமன் எவ்வளவோ அவ்வளவு உயரம் சேடிலோட அடியில குறைக்கணும், இல்லன்னா கம்பி தூக்கிக்கும், பையன் விரல் நோகும். குறைக்கிறது பெருசில்ல, குறைக்கும்போது அடி நேரா இருக்கணும், அங்கதான் அந்தக் கடையில கோட்டை விட்டது. அண்ணாச்சி தடியான கண்ணாடி மேல உப்புத்தாள ஒட்டி அதுல சேடில நிறுத்தி வச்சு தேச்சார், கையில பிடிச்சு அரம் போடவே இல்ல. அப்புறம் சேடிலோட அடியில சாக்பீஸ் தடவி காடிக்குள்ள அமுக்கி எடுத்தார். எங்கெல்லாம் சாக்பீஸ் காடியில ஒட்டியிருக்கோ அங்க தொடுது, ஒட்டாத இடம் தொடல. ஒட்டின இடத்த மட்டும் லேசா சுரண்டுறது, மறுபடி தடவுறது, மறுபடி அமுக்குறது. நான் எண்ணிட்டே இருந்தேன், 7 தடவை. ஏழாவது தடவை கோடு போட்ட மாதிரி முழு நீளத்துக்கும் வெள்ளை. நான் 15 வருஷமா கிட்டார் வாசிக்கிறேன், எத்தனையோ பிக்கப் பத்தி மணிக்கணக்குல படிச்சிருக்கேன், சத்தத்த முடிவு பண்றது இந்த ஒரு சாண்கூட இல்லாத காடியோட தரைதான்னு அந்தத் திண்ணையில உக்காந்திருக்கும்போதுதான் எனக்கு உறைச்சது.

ஜாக் ஓட்டை 12.7 மி.மீ. வேணும், ஸ்ட்ராப் மாட்டுற குமிழ் இருந்த ஓட்டை அதவிடச் சின்னது. ட்ரில்ல வச்சா பாலிஷ் தெறிக்கும்னு சுத்தி டேப் ஒட்டி உருண்டை அரத்தால கையாலயே பெருசாக்கினார். பழைய டப்பா போன பெரிய ஓட்டைக்கு என்ன பண்றதுன்னு நான் கவலைப்பட்டுட்டு இருந்தேன், அவரு மெல்லிசா ஒரு தேக்குப் பலகை வெட்டி நாலு ஸ்க்ரூ போட்டு மூடி ஆக்கிட்டார். "பேட்டரி மாத்த இதத் தொறந்தா போதும், நடு ஓட்டைக்குள்ள கைய விட்டுக் கஷ்டப்பட வேண்டாம்லா." இந்த யோசனை எனக்கு வரவே இல்ல.

வீட்டுக்கு வந்து சின்ன ஆம்ப்ல போட்டா ஒரே ஹம்மிங். பயந்துட்டேன். கடைசியில பாத்தா அந்த ரூம்ல எர்த் இல்லாத பழைய ப்ளக் பாயிண்ட், அடுத்த ரூம்ல போட்டதும் சுத்தமா நின்னுடுச்சு.

ரெண்டு நாள் வேலை, அவர் கேட்டது 600 ரூபா. நான் 2000 நீட்டினேன், வாங்க மாட்டேன்னுட்டார், ரொம்ப சொல்லி 1000 வாங்கிக்கிட்டார். இது நியாயமே இல்ல, இந்தக் கை வேலைக்கு டொரண்டோல நான் இதவிடப் பல மடங்கு குடுத்திருப்பேன், யாராவது இப்படி ஒருத்தர்கிட்ட போனா கேக்குறதோட நிறுத்திடாதீங்க. போன் நம்பர் போடலாமான்னு கேட்டேன், வேண்டாம் தம்பி, ஆர்மோனிய வேலையே முடியாமக் கிடக்குன்னுட்டார்.

23ஆம் தேதி ராத்திரி வீடு வீடா போனோம், வேன்ல கட்டின ஸ்பீக்கர்ல ஆறு கம்பியும் தனித்தனியா கேட்டுச்சு. அக்ரிலிக் 3 மி.மீ.தான், காடி 3.2, அதனால பக்கத்துல பேப்பர் மாதிரி ஒரு மரச் சீவல் வச்சு நிறுத்தியிருக்கார், அது தற்காலிகம்தான்னு அவரே சொன்னார். அடுத்த டிசம்பர் போகும்போது 3.2ல எலும்பு சேடில் ரெண்டு கொண்டு போகணும், ஒண்ணு கிட்டாருக்கு, ஒண்ணு அண்ணாச்சி மேஜைக்கு.