ஹெட்லைட் ஆட்டத்துக்கு லாக்டைட் 243: எங்கே பிடிக்கும், எங்கே கெடுக்கும்

பைக்கின் ஹெட்லைட் டூமை, அதாவது விளக்கு உட்காரும் கிண்ணம் போன்ற கூட்டை, இருபுறமும் தாங்கும் போல்ட் எத்தனை முறை இறுக்கினாலும் திரும்பத் திரும்பத் தளர்கிறதா? கைபலத்தைக் கூட்டிப் பயனில்லை. வண்டி அதிரும்போது மரைகளுக்கு இடையே உள்ள மெல்லிய சந்தில் போல்ட் நழுவி, இம்மி இம்மியாகத் திரும்புகிறது. அந்தச் சந்தை நிரப்பி இறுகும் நீல நிறத் திரவம்தான் லாக்டைட் 243. நடுத்தரப் பிடிப்பு, சாதாரண ஸ்பானராலேயே பிறகு கழற்றலாம். இந்த வேலைக்குத் தாராளமாக வாங்கலாம்.

புட்டியைத் திறக்குமுன் ஆட்டம் எங்கே என்று பாருங்கள். விளக்கு டூமோடு சேர்ந்து ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் புஷ், அதாவது போல்ட் நுழையும் ரப்பர் வளையம். வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். புஷ்ஷுக்குள் இருக்கவேண்டிய இரும்புக் குழல் தொலைந்திருந்தால் போல்ட் வெறும் ரப்பரைத்தான் நசுக்கும். எந்தப் பசையும் அதை நிறுத்தாது. விளக்கின் முன்கண்ணாடி மட்டும் ஆடினால் காரணம் அதைப் பிடிக்கும் வளையத்தின் ஸ்க்ரூ அல்லது ஒளியைத் திருத்தும் ஸ்க்ரூவின் ஸ்பிரிங். திருத்தும் ஸ்க்ரூவில் பசை படவே கூடாது, அது திரும்ப வேண்டிய பொருள்.

ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடையுங்கள். லேசான எண்ணெயை 243 தாங்கும், துருவையும் பழைய பசையையும் தாங்காது. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஒரு சொட்டு போதும், நட்டு உட்காரும் இடத்தில். மறுமுனை அடைத்த துளையென்றால் சொட்டு துளைக்குள் விழ வேண்டும். இல்லாவிட்டால் அடைபட்ட காற்று திரவத்தை வெளியே தள்ளிவிடும்.

பல வண்டிகளில் ஒளியின் உயரம் இதே போல்ட்டில்தான் அமைகிறது. ஆகவே பசை இறுகுமுன் சரிபாருங்கள்: சமதளம், சுவரிலிருந்து 5 மீட்டர், ஆள் உட்கார்ந்த நிலை. லோ பீமின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிடச் சுமார் 5 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். முழுப் பிடிப்புக்கு 24 மணி நேரம். துருப்பிடிக்காத எஃகு, துத்தநாகப் பூச்சு போல்ட்டுகளில் இன்னும் மெதுவாகும்.

பெரிய குறை பிளாஸ்டிக். ஏபிஎஸ், பாலிகார்பனேட் வகைப் பிளாஸ்டிக் மீது வழிந்தால் இறுக்கம் உள்ள இடத்தில் விரிசல் விடும். வழிந்ததை உடனே துடையுங்கள். மரையே பிளாஸ்டிக்கில் இருந்தால் பயன்படுத்த வேண்டாம். அதிகப் பிடிப்புள்ள சிவப்பு வகையும் வேண்டாம். அதைக் கழற்றச் சுமார் 250 டிகிரி சூடு கேட்கும், பக்கத்திலேயே வயரும் ரப்பரும் இருக்கின்றன. சின்ன ஸ்க்ரூக்களுக்கு ஊதா நிற 222 பொருத்தம்.

புதுப் புட்டி பாதி காலியாக இருப்பது ஏமாற்று அல்ல. உள்ளிருக்கும் காற்றுதான் திரவத்தை இறுகாமல் வைத்திருக்கிறது. புட்டியின் மூக்கை போல்ட்டில் தொடாமல் சொட்டுங்கள், உலோகத் துகள் போனால் புட்டிக்குள்ளேயே கட்டிவிடும்.